எடை மெஷின் சொல்லாத கணக்கு: மாதவிடாய் நிற்கும் வயதில் வயிறும் உடம்பும்

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். கடைசியில் கேட்கப்பட்ட கேள்விகளில் சிலவும் உள்ளன.)



இந்தப் பேச்சுக்கு நோட்டீஸ் போட்டதும் குரூப்பில் ஒருவர், "லேடீஸுக்கு மட்டுமா, நாங்களும் வரலாமா?" என்று கேட்டிருந்தார். வந்திருக்கிறீர்கள், பின் வரிசையில் பார்க்கிறேன். சந்தோஷம். வீட்டில் "தொப்பை போட்டுடுச்சு" என்று முதலில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். ஏன் போடுகிறது என்பதையும் நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

நான் டாக்டர் இல்லை. 31 வருடம் செவிலியராக இருந்தவள், அதில் கடைசிப் பதினைந்து வருடம் பெண்கள் புறநோயாளிப் பிரிவில். 45 தாண்டிய பெண்கள் வேறு எதற்கோ வந்திருப்பார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, கதவருகில் நின்று என்னிடம் கேட்பார்கள்: "சிஸ்டர், சாப்பாடு ஒண்ணும் கூடல. எடை போட்டா ரெண்டு கிலோதான் கூட இருக்கு. ஆனா ஜாக்கெட் ஒண்ணுகூட சேரல. வயிறு மட்டும் ஏன் இப்படி?" டெய்லரிடம் கொடுத்து உள்தையலைப் பிரித்துவிடச் சொல்வோம். ஒரு முறை, இரண்டு முறை. அப்புறம் பிரிப்பதற்கு உள்ளே துணி இருக்காது. வீட்டில் இருந்தால் நைட்டி. நைட்டி எதையும் காட்டிக்கொடுக்காது.

அந்தப் பெண்கள் சொன்னது உண்மை. எடை அதிகம் கூடாமலே வயிறு கூடும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான்.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று கணக்கு. மேல்நாடுகளில் இதற்குச் சராசரி வயது 51. நம் நாட்டில் 46, 47. ஆனால் உடம்பு அதற்குச் சில வருடம் முன்பிருந்தே மாறத் தொடங்கிவிடும். சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை, மிச்சமாகும் கொழுப்பு பெரும்பாலும் இடுப்பின் பக்கங்களிலும் தொடையிலும் போய்ச் சேரும். அது குறையக் குறைய, சேருமிடம் வயிற்றுக்கு மாறுகிறது. வயிற்றிலும் இரண்டு இடம் உண்டு. ஒன்று தோலுக்கு அடியில், கையால் கிள்ளினால் பிடிபடுவது. இன்னொன்று உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி இருப்பது. அதைக் கிள்ள முடியாது. ஆபத்து அதிகம் உள்ளது அதில்தான். அந்தக் கொழுப்பிலிருந்து கரைவது நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ஃபேட்டி லிவர்" என்று எழுதி வருகிறதே, அதற்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை ஏறுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவில் 'ஸ்வான்' என்று ஒரு பெரிய ஆய்வு, 1996இல் தொடங்கியது. நடுத்தர வயதுப் பெண்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். எடை வயதோடு மெதுவாக, ஒரே சீராக ஏறிக்கொண்டே போகிறது. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் திடீர்த் தாவல் எதுவும் இல்லை. ஆனால் உடம்புக்குள் எது எவ்வளவு என்று பார்த்தபோது வேறு கதை. கடைசி மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு வருடம் முன்பிருந்து கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது. அதே சமயத்தில் தசை குறையத் தொடங்குகிறது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் வரை இந்த இரண்டும் நடக்கின்றன. அதாவது மூன்று கிலோ கொழுப்பு ஏறி ஒரு கிலோ தசை இறங்கினால், எடை மெஷின் கூட்டிக் கழித்து "இரண்டு கிலோ" என்று சொல்லும். பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதில் நம் நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. பூனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. பார்க்க இரண்டு பேரும் ஒல்லிதான். ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். "நான் குண்டே இல்லையே சிஸ்டர்" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் தெரிகிற உடல்வாகு நம்மிடம் அதிகம். அதனால்தான் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90க்குள் என்று நமக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய் இடுப்பளவு எடுத்தார்கள். நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் வரம்புக்கு மேல். தமிழ்நாட்டில் அது 58ஐ ஒட்டி இருந்தது. இது மாதவிடாய் நிற்பதற்கு முன்பே உள்ள நிலவரம் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர மாட்டேன். "கு.க. ஆபரேஷன் பண்ணினதுலேர்ந்துதான் வயிறு போட்டுடுச்சு." எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன்! கருக்குழாயைக் கட்டுவதற்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமில்லை. முட்டை போகும் பாதையைத்தான் அடைக்கிறார்கள். சினைப்பை அதன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். அந்த ஆபரேஷன் நடந்த காலத்தில்தான் இரண்டாவது குழந்தை பிறந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், நடமாட்டம் குறைந்திருக்கும், பத்தியம் என்று நெய்யும் சேர்ந்திருக்கும். பழி மட்டும் ஆபரேஷன் மேல். பிரசவமான பிறகு துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டாததால்தான் என்று மாமியார் சொல்வதும் இதே கணக்கில் சேரும்.

கர்ப்பப்பை எடுத்தவர்கள் கதை வேறு. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால், ஆபரேஷன் நடந்த அன்றே உடம்புக்கு மெனோபாஸ் வந்துவிட்டது என்று அர்த்தம், வயது 38 ஆனாலும் சரி. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால், எப்போது நின்றது என்று தெரியவே தெரியாது. உங்கள் டிஸ்சார்ஜ் பேப்பரில் எதை எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். பீரோவில் தேடிப் பாருங்கள்.

இனி அளவு. டெய்லர் டேப் போதும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப். சாதாரணமாக மூச்சு விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நீங்கள்தான். 80 சென்டிமீட்டர் என்றால் முப்பத்தொன்றரை இன்ச்.

அந்த அளவை வைத்துச் சென்னையிலேயே உருவான ஒரு கணக்கு இருக்கிறது. டாக்டர் வி. மோகனும் அவரது மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் 2005இல் வெளியிட்டது, நீரிழிவு அபாய மதிப்பெண். ரத்தமே எடுக்க வேண்டாம், நான்கு கேள்விதான். வயது: 35க்குள் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்பு, பெண்களுக்கு: 80க்குள் 0, 80 முதல் 89 வரை 10, தொண்ணூறும் அதற்கு மேலும் 20. உடற்பயிற்சியும் உண்டு, உடல் உழைப்பும் கடுமை என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம், சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நம்மில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 52, இடுப்பு 84, அம்மாவுக்குச் சர்க்கரை, தனியாக உடற்பயிற்சி எதுவும் இல்லை. 30, 10, 10, 30. மொத்தம் 80. இவர் ஒழுங்காக உடற்பயிற்சி செய்து இடுப்பை 80க்குக் கீழே கொண்டுவந்தால் 60க்கு இறங்குவார். அப்போதும் கோட்டின் மேல்தான் நிற்கிறார், பொய் சொல்ல மாட்டேன். வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. பரிசோதனையை விடக் கூடாது. ஆனால் மாற்ற முடிந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

இப்போது சாப்பாடு. வயிறு தெரிய ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோரும் சொல்வது, "சாப்பாட்டைக் குறை." இவர்களும் குறைக்கிறார்கள். காலையில் காபி மட்டும். பத்தரை மணிக்குப் பிள்ளைகள் தட்டில் மீந்த இட்லி, கொட்ட மனசு வராமல். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம். ராத்திரி இரண்டு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள மதியத்துக் குழம்பு. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தும்விடும். முகம் ஒட்டிப்போகும், கை மெலியும், படி ஏறினால் தொடை நடுங்கும். வயிறு அப்படியே இருக்கும். ஏனென்றால் குறைந்ததில் ஒரு பெரிய பங்கு தசை. ஏற்கெனவே தசையை இழந்துகொண்டிருக்கும் வயதில், பட்டினி போட்டு இன்னும் கொஞ்சத்தைத் தொலைக்கிறோம். நாம் உட்கார்ந்திருக்கும்போதுகூட எரிபொருள் கேட்பது தசை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வதும் அதுதான். அது குறைந்தால் அதே இரண்டு இட்லி முன்பைவிட அதிகச் சர்க்கரையாகத் தெரியும்.

60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும், ஐ.சி.எம்.ஆர். சொல்வது கிலோவுக்கு 0.83. நம் தட்டைப் பாருங்கள். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எங்கே என்று கரண்டியால் தேட வேண்டும். ஒரு கப் தயிரில் நான்கு, ஐந்து கிராம். எல்லாம் சேர்த்தாலும் நம் வீட்டுச் சைவச் சாப்பாடு பல நாள் 35ஐத் தாண்டாது. நாடு முழுக்க இதே கதைதான். 2025இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், நாம் சாப்பிடும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது.

அதனால் அரிசியை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது நம் ஊரில் நடக்கவும் நடக்காது. ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கப் சுண்டல், அல்லது கெட்டிப் பருப்பு, அல்லது முட்டை, மீன் வையுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். சுண்டல் நவராத்திரிக்கு மட்டும் என்று யார் சொன்னது? சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எல்லா வயிறும் கொழுப்பு இல்லை.

"இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிற வார்த்தை நிறையப் பேரைத் தாமதப்படுத்தியிருக்கிறது. கொழுப்பு மாதக்கணக்கில், மெதுவாகச் சேரும். ஆனால் இரண்டு மூன்று வாரமாகத் தினமும் வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர், கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கிறது என்றால், ஓமம் கஷாயம் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பலருக்கு அது வாயுவோ, சாதாரணக் கட்டியோதான். ஆனால் சினைப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும், மாதவிடாய் நின்ற பிறகே அது அதிகம் வருகிறது. ஒரு ஸ்கேன் போதும் சந்தேகம் தெளிய.

இன்னொன்று. ஒரு வருடம் நின்றுபோன பிறகு திரும்ப ரத்தம் பட்டால், ஒரு சொட்டு ஆனாலும், "சூட்டுல வந்திருக்கும்" என்று விடக் கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி அது, அந்தக் கட்டத்திலேயே வந்தால் குணப்படுத்த வாய்ப்பு மிக அதிகம். கூச்சப்பட்டு மகளிடம்கூடச் சொல்லாமல் ஒரு வருடம் கழித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் அப்படிச் செய்யக் கூடாது. தனியாரிடம் போக வேண்டும் என்பதுகூட இல்லை. ரயில் ஏறினால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்க முடியாமை இவற்றோடு எடை கூடினால் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

இனி சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். செயலாளர் சார் முன் வரிசையில் இருக்கிறார், நல்லது.

அண்ணா நகரை அடுத்த திருமங்கலத்தில் ஏசியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. நம்மைப் போல நடுத்தரக் குடும்பங்கள். 1990களின் பிற்பகுதியில் அதே நீரிழிவு அறக்கட்டளை அங்கே வீடு வீடாக ஆய்வு நடத்தியது. வாரத்தில் மூன்று நாளைக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்பவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். முடிவைச் சொல்லி, கூட்டம் போட்டு விளக்கினார்கள். அதைக் கேட்ட குடியிருப்புவாசிகள் தாங்களே பணம் திரட்டி, உள்ளேயே நடைபாதையோடு ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். சில வருடம் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது உடற்பயிற்சி செய்பவர்கள் நூற்றுக்கு 58ஐத் தாண்டியிருந்தார்கள். பத்து வருடத்தில் அங்கே சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆனது. அதே ஆய்வில் இருந்த, தி. நகரின் வசதி குறைந்த குடியிருப்பில் 6.5லிருந்து 15.3 ஆனது. பூங்கா ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடக்க இடமும் வெளிச்சமும் இருந்தால் ஜனங்கள் நடக்கிறார்கள் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்க நான் யாரையும் சொல்ல மாட்டேன். உள்தெருவில் நாய். நம் வளாகத்தின் பின்பக்கப் பாதை நல்ல பாதைதான், ஆனால் ஆறரைக்கு மேல் இருட்டு, மூன்று விளக்கு எரியவில்லை. வீட்டு வேலை முடித்து நாங்கள் வெளியே வருவதே அந்த நேரத்தில்தான். இரண்டாவது, இந்த ஹால் பகலில் பூட்டியே கிடக்கிறது. செவ்வாய், வெள்ளி காலை 11 முதல் 12 வரை திறந்து கொடுங்கள், தசைக்கான பயிற்சி செய்ய. மிஷின் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியும் சுவரும் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலும் போதும்.

கேள்வி: தினமும் 45 நிமிஷம் வாக்கிங் போறேன் சிஸ்டர். அது போதாதா?

இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் நடை காலை மட்டும் கொஞ்சம் கவனிக்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிட நடையோடு, வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேர்த்துத்தான் சொல்கிறது. நம் பாட்டிமார் அம்மியில் அரைத்து, குடம் தூக்கினார்கள். அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேச எனக்கு ஆசை இல்லை, அவர்களில் எத்தனை பேர் கூன் விழுந்து போனார்கள்! ஆனால் தோளுக்கும் கைக்கும் வேலை இருந்தது. நமக்கு மிக்ஸியும் லிஃப்டும். அந்த வேலையை நாமாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். எலும்புக்கும் அது தேவை.

கேள்வி: கொள்ளு சாப்பிட்டா கொழுப்பு கரையும்னு சொல்றாங்களே? அப்புறம் அந்த பெல்ட்?

கொள்ளு தாராளமாகச் சாப்பிடுங்கள். அது கரைக்கும் என்பதற்காக இல்லை. நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் நிறைய. ரசமாக வடித்துத் தண்ணீரை மட்டும் குடிக்காமல், கொள்ளையும் சேர்த்து மெல்ல வேண்டும். பெல்ட் வியர்க்க வைக்கும். குறைவது தண்ணீர், சாயங்காலமே திரும்பி வந்துவிடும். அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

கேள்வி: ராத்திரி திடீர்னு உடம்பெல்லாம் கொதிக்குது, தூக்கமே இல்ல. அதுக்கும் வயித்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், இனிப்பைத் தேடும், உடற்பயிற்சிக்கு உடம்பு வணங்காது. தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் மாத்திரை உட்பட வைத்தியம் இருக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வயிறு குறைவதற்கென்று அந்த மாத்திரையைக் கேட்காதீர்கள், அது அதற்கானது இல்லை.

கேள்வி: எனக்கு முட்டி வலி அக்கா. உட்கார்ந்து எழவே முடியல. நான் என்ன பயிற்சி பண்றது?

நாற்காலியில் ஆரம்பியுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலி, சுவரில் சாய்த்துப் போட்டது. மேலே ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டால் முட்டிக்குப் பாரம் குறையும். உட்கார்ந்து எழ வேண்டும், ஐந்து முறை, நடுவில் ஓய்வு, மறுபடி ஐந்து. முதல் இரண்டு வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு ஒரு கை. பிறகு தலையணையை எடுத்துவிடலாம். வலி கூடினால் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள். நெஞ்சில் பாரமோ, அளவுக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால் என்னிடம் வராதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். டேப் இந்த மேசையில் இருக்கிறது. அளக்க விரும்புகிறவர்கள் பக்கத்து அறைக்கு ஒவ்வொருவராக வரலாம். நோட்டில் பெயர் வேண்டாம், அளவும் தேதியும் உங்கள் பேப்பரிலேயே எழுதித் தருகிறேன். அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு அந்தப் பேப்பரைக் கொண்டு வாருங்கள்.